ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 – சனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த இயந்திர வல்லுநரும் தொழிலதிபரும் ஆவார். தமிழகத்தில் பேருந்துப் போக்குவரத்தை ஒழுங்குபட நடத்திக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர். மின் சவரக் கருவி, வாக்குப்பதிவு இயந்திரம் முதலிய பல கருவிகளை உருவாக்கியமையால் இந்தியாவின் எடிசன் என்ற அடைமொழியால் குறிப்பிடப்படுகிறார். இவ்வடைமொழி அவர் புதிதாகச் செய்த பொருள்களையே நினைவூட்டுகிறது. ஆனால் அவர் இயந்திரத் துறைக்குள் நுழைந்தது கண்டுபிடிப்பாளராக அன்று. ஓடாமல் நின்ற வண்டியை ஓட வைக்கக் கற்றவராகவே நுழைந்தார். அவருடைய பிற்காலப் பணிகள் பலவற்றுக்கும் இந்தத் திறனே அடிப்படையாக அமைந்தது.

இளமைக் காலம்

நாயுடு கோயம்புத்தூருக்குக் கிழக்கே சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிய மாணவர் என்றே அவருடைய பள்ளி வாழ்க்கை நினைவுகூரப்படுகிறது. தொடக்கக் கல்வியைக்கூட முடிக்காமல் வீட்டுக்குத் திரும்பி வயல் வேலைகளைக் கவனித்து வந்தார். ஆயினும் படிக்கும் பழக்கத்தை விட்டவர் அல்லர். பாடநூல்களில் இல்லாதவற்றைத் தாமே தேடிப் படித்தார்.

நின்றுபோன மோட்டார் சைக்கிள்

நாயுடுவின் வாழ்க்கை வரலாற்றைக் கூறுவோர் தவறாமல் குறிப்பிடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் கலங்கலுக்கு அருகில் நின்றுவிட்டது. அக்காலத்தில் அப்பகுதியில் மோட்டார் சைக்கிள் என்பதே அரிய காட்சி. வேடிக்கை பார்க்கச் சென்ற இளைஞரான நாயுடுவிடம் அதிகாரி சிறிது மண்ணெண்ணெயும் பழந்துணியும் கேட்டு வாங்கினார். இயந்திரத்தின் சில பாகங்களைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டினார். வண்டி கிளம்பிவிட்டது.

மண்ணெண்ணெயும் துணியும் போதுமானவையாக இருந்தன என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். எதுவும் உடைந்திருக்கவில்லை, புதிய பாகம் எதுவும் தேவைப்படவில்லை. அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ சேர்ந்த இடத்தைக் கண்டறிந்து துடைத்ததே பழுது நீக்கமாயிற்று. வண்டியை ஓட வைத்தது அதிகாரியின் கை வலிமை அன்று, எங்கே துடைக்க வேண்டும் என்ற அறிவே என்பது பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஏனெனில் அதன்பின் நாயுடு அந்த வண்டியையே விலைக்கு வாங்குவது என்று முடிவு செய்தார்.

ஊரைவிட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சில ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு அந்த அதிகாரியிடமிருந்தே ரட்ஜ் மோட்டார் சைக்கிளை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கிய வண்டியை முதலில் ஓட்டி மகிழவில்லை. பாகம் பாகமாகக் கழற்றி, ஒவ்வொன்றும் எதற்கு இருக்கிறது என்று பார்த்து, மீண்டும் பூட்டினார். அவர் பயின்ற பொறியியல் கல்லூரி அதுவே எனலாம். அதன்பின் ஊரில் மோட்டார் வண்டிகளைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் என்ற பெயர் அவருக்கு ஏற்பட்டது.

தீப்பொறி உண்டாகும் விதம்

அக்காலத்து வண்டி ஒன்று கிளம்பாமல் நின்றதற்குப் பெரும்பாலும் எரிபற்றல் அமைப்பே, அதாவது இக்னிஷனே, காரணமாக இருந்தது. நாயுடு கற்றுக்கொண்டது என்ன என்பதை அறிய இந்த அமைப்பைச் சற்று விளங்கிக்கொள்வது உதவும்.

பெட்ரோல் இயந்திரத்தின் உருளைக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து அழுத்தப்படுகின்றன. அக்கலவை உரிய கணத்தில் தீப்பற்றினால்தான் இயந்திரம் சுழலும். தீ மூட்டுவது ஸ்பார்க் பிளக்கின் முனையில் தாவும் மின்பொறி. சுமார் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் இடைவெளிதான் என்றாலும், அழுத்தப்பட்ட கலவைக்குள் அதனைத் தாண்டப் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் வேண்டும்.

தொடக்கக் கால மோட்டார் சைக்கிள்களில் இம்மின்னழுத்தத்தை மேக்னெட்டோ என்ற கருவி உண்டாக்கியது. செருமனியில் ராபர்ட் போஷ் நிறுவனத்தில் பணியாற்றிய காட்லோப் ஹோனோல்ட் 1902ஆம் ஆண்டில் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை உருவாக்கிய பின் இது பரவலாயிற்று. காந்தப் புலத்தில் கம்பிச்சுருள் சுழல்வதால் மின்னோட்டம் பிறக்கிறது. ஒரு தொடுமுனை சட்டென்று திறந்து அவ்வோட்டத்தை அறுக்கும்போது அடுத்த சுருளில் உயர் மின்னழுத்தம் எழுகிறது. மின்கலம் தேவையில்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் இயந்திரத்தை மெதுவாகச் சுழற்றும்போது இதன் பொறியும் மெலிந்தே இருக்கும். காலால் உதைத்தோ கையால் சுழற்றியோ கிளப்ப வேண்டிய வண்டிக்கு இது பெருங்குறை.

அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் மின்கலத்தையும் காயிலையும் கொண்டு வடிவமைத்த முறை 1910ஆம் ஆண்டுக்கான காடிலாக் கார்களில் இடம்பெற்றது. 1920களுக்குப் பின் கார்களில் இதுவே நிலைபெற்றது. இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றும் இம்முறையைக் கொண்டே கிளம்பின. இவ்வகை மின் பாகங்களை இந்தியாவிலேயே செய்வதற்காக 1961ஆம் ஆண்டில் லூக்காஸ்-டிவிஎஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, சென்னைப் பாடியில் அதன் தொழிற்சாலை அமைந்தது.

இதில் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் காயிலின் முதல் சுருள் வழியாகச் சென்று, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தொடுமுனைகளில் முடிகிறது. பட்டறைகளில் இவற்றைப் பாயிண்ட் என்பர். பாயிண்ட் திறக்கும் கணத்தில் ஓட்டம் அறுபட்டுக் காயிலின் இரண்டாம் சுருளில் உயர் மின்னழுத்தம் பிறக்கிறது. அதனைச் சுழலும் ரோட்டார் வாங்கி, மூடியிலுள்ள முனைகள் வழியாக ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து அனுப்புகிறது. பாயிண்டோடு இணைந்த கண்டன்சர் என்ற சிறு உருளை, அங்கே பொறி பறந்து முனைகள் கருகாதபடி காக்கிறது. நாட்டுப் பட்டறைகளில் மிகுதியாகக் குறை சொல்லப்படுவதும், காரணம் ஆராயாமல் மாற்றப்படுவதும் இந்தக் கண்டன்சர்தான்.

பழுதைத் தேடும் ஒழுங்கு

இவ்வமைப்பின் நல்லியல்பு என்னவெனில், பழுதை ஊகிக்க வேண்டியதில்லை, படிப்படியாகத் தேடிப் பிடிக்கலாம். மின்சாரம் ஒரே பாதையில் செல்வதால், அது எந்த இடம் வரை வந்து எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தாலே போதும்.

இயந்திரம் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை என்றால் முதலில் ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியோடு இணைத்து, உலோக உடல் இயந்திரத்தில் படும்படி வைத்துச் சுழற்றிப் பார்ப்பர். பெட்ரோல் ஆவி வெளிவரும் துளைக்கு அருகில் பிளக்கை வைத்தல் ஆகாது. நீல நிறத்தில் படபடவென்று பொறி பறந்தால் எரிபற்றல் அமைப்பு பெரும்பாலும் நலமாக உள்ளது. தேடலைப் பெட்ரோல் வழிக்கோ பொறி எழும் நேரத்துக்கோ மாற்ற வேண்டும். மெலிந்த மஞ்சள் பொறி வந்தால் மின்சாரம் வழியில் எங்கோ தேய்கிறது. பொறியே இல்லையெனில் பாதையில் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அடுத்ததாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலுள்ள தடித்த கம்பியை உருவி, மின்காப்பு உள்ள குறடால் பற்றி, இயந்திர உடலிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்துச் சோதிப்பர். இங்கே வலிய பொறி வந்து பிளக்கில் வராவிட்டால் இடைப்பட்ட மூடி, ரோட்டார், கம்பிகள் ஆகியவற்றுள் ஒன்றே குற்றவாளி. மூடியில் மயிரிழை போன்ற விரிசலும் அதன் வழியே கரிக்கோடும் இருந்தால் மின்சாரம் அவ்வழியே கசிந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் இரவெல்லாம் வாசலில் நனைந்து நின்ற பழைய கார் காலையில் கிளம்ப மறுப்பதற்கு, அது கோயம்புத்தூரில் நின்றாலும் திருவில்லிபுத்தூரை அடுத்த சுந்தரபாண்டியத்தில் நின்றாலும், மூடிக்குள் படர்ந்த ஈரமே அடிக்கடி காரணமாகிறது. உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தால் வண்டி கிளம்பிவிடும். கலங்கலில் அதிகாரி கேட்ட துணியின் மதிப்பு இங்கே விளங்கும்.

நடுக் கம்பியிலும் பொறி இல்லாவிட்டால் மேலும் பின்னே செல்ல வேண்டும். சிறிய விளக்கு ஒன்றைக் காயிலின் உள்வரும் முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே இணைத்து, சாவியைத் திருப்பினால் அது எரிய வேண்டும். எரியாவிட்டால் சாவி, ஃபியூஸ், மின்கல இணைப்பு என்று தேடலாம். எரிந்தால் விளக்கைக் காயிலின் மறுமுனைக்கு மாற்றி இயந்திரத்தைச் சுழற்ற, பாயிண்ட் திறந்து மூடுவதற்கேற்ப அது விட்டுவிட்டு எரிய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை அல்லது அதன் முனைகளில் கறையோ எண்ணெயோ படிந்துள்ளது. எரியாமலே இருந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சரோ அதன் கம்பியோ உடலில் பட்டுக் குறுக்கோட்டம் ஏற்பட்டுள்ளது. திறக்கும் இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். முனைகளை மெல்லிய அரத்தால் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை அளவுகோலால் சரிசெய்தால் பாதி வண்டிகள் கிளம்பிவிடும். முனைகள் விரைவிலேயே மீண்டும் கருகிக் குழி விழுந்தால் அப்போது கண்டன்சரை ஐயுறுவது முறை.

ஏமாற்றும் பழுது ஒன்றும் உண்டு. தளர்ந்த மின்கலம் இயந்திரத்தைச் சுழற்றப் போதுமானதாக இருக்கும். ஆனால் சுழற்றும் மோட்டாரே மின்னாற்றல் முழுவதையும் இழுத்துக்கொள்வதால் காயிலுக்கு மின்னழுத்தம் குறைந்து பொறி எழாது. சாவியை விட்ட பின் சோதித்தால் எல்லாம் சரியாகத் தோன்றும். தள்ளிவிட்டால் மட்டும் கிளம்பும் பழைய கார்கள் பலவற்றின் நோய் இதுவே.

நாயுடு தொழில் கற்ற காலத்தில் இத்தேடலில் பிழை செய்தவருக்கு உடற்சேதமே நேரும். கார்களையும் பேருந்துகளையும் முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே கிளப்பினர். பொறி எழும் நேரத்தைப் பின்தள்ளி வைக்க மறந்துவிட்டால், பிஸ்டன் மேலேறி முடிக்கும் முன்பே கலவை வெடித்துக் கைப்பிடி எதிர்த்திசையில் திருப்பி அடிக்கும். மணிக்கட்டு முறிந்த ஓட்டுநர்கள் உலகெங்கும் இருந்தனர். கட்டை விரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிப்பது அக்காலத்தில் முதல் பாடமாகச் சொல்லித் தரப்பட்டது.

பேருந்துத் தொழில்

முதல் உலகப் போர்க் காலத்தில் நாயுடு திருப்பூரில் பருத்தித் தொழிலில் ஈடுபட்டுப் பொருள் ஈட்டினார். பின்னர் பம்பாய் சென்று பருத்தி வணிகத்தில் அதனை இழந்து திரும்பினார். கோயம்புத்தூரில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் அவருக்குக் கைகொடுத்தார். அவர் அளித்த உதவியுடன் வாங்கிய ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடு போக்குவரத்தைத் தொடங்கினார். வண்டியை அவரே ஓட்டினார்.

பழனிக்குச் செல்லும் வழியில் வண்டி நின்றால் அழைப்பதற்குப் பட்டறை எதுவும் அந்நாளில் இல்லை. பயணிகள் இறங்கி நிற்க, ஓட்டுநரே பழுதைக் கண்டறிந்து நீக்கியாக வேண்டும். இயந்திரம் அறியாத முதலாளிகளுக்கு இது ஆளைத் தேடி அலையும் செலவு. நாயுடுவுக்கோ முதலீட்டில் இல்லாத குறையை ஈடு செய்த வலிமை. சில ஆண்டுகளில் அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., பல வழித்தடங்களில் ஏராளமான பேருந்துகளை இயக்கும் நிறுவனமாக வளர்ந்தது. நேரம் தவறாமைக்கு அது பெயர் பெற்றது. நேரம் தவறாத பேருந்து என்பது நல்ல ஓட்டுநரால் மட்டும் அமைவதன்று. வண்டி வழியில் நிற்கும் முன்பே கொட்டகையில் அதன் பழுதைக் கண்டுபிடிக்கும் பட்டறையால் அமைவது. பழுது பார்க்கும் தொழிலாளர்களையும் நாயுடு தம் நிறுவனத்திலேயே பயிற்றுவித்தார்.

1944ஆம் ஆண்டில் அவர் மோட்டார் தொழிலின் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கான உதவித்தொகை, தொழிலாளர் நலன் ஆகியவற்றுக்குக் கணிசமான பொருளை ஒதுக்கினார்.

பிற பணிகள்

பீளமேட்டில் இருந்த அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையிலிருந்து 1937ஆம் ஆண்டில் இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் வெளிவந்தது. இதனை உருவாக்குவதில் முதன்மைப் பங்காற்றியவர் தி. பாலசுந்தரம் நாயுடு. அவர் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். கோயம்புத்தூர் மோட்டார், பம்புத் தொழிலின் நகரமாக வளர்ந்ததற்கு இத்தொடக்கம் ஒரு காரணமாகும்.

சிறு மோட்டாரால் இயங்கும் ராசண்ட் என்ற சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, திரைப்படக் கருவிக்கான தொலைவு சரிசெய்வான் ஆகியவை அவருடைய பெயரால் அறியப்படுபவை. வேளாண்மையில் பருத்தி, பப்பாளி ஆகியவற்றில் ஆய்வுகள் நடத்தினார். ஒளிப்படக் கலையில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்த அவர், 1936ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார்.

கல்வியில் முரண்பாடு

சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் அமைய நாயுடு முன்னின்றார். 1945ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆகும். பள்ளியைப் பாதியில் விட்டவர் அதன் முதல்வராகப் பொறுப்பேற்றார். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளே மிகுதி என்பது அவருடைய கருத்து. அரசு இதனை ஏற்காததால் பதவியைத் துறந்தார். கணிதமும் கோட்பாடும் கற்பிக்கக் காலம் வேண்டும் என்ற எதிர்வாதம் வலுவானதே. ஆயினும் கழற்றிப் பூட்டாமல் இயந்திரத்தைக் கற்க முடியாது என்ற அவருடைய நிலைப்பாட்டை, பட்டம் பெற்றபின் முதன்முறையாகப் பட்டறைக்குள் நுழைந்தவர்கள் எளிதில் மறுக்கமாட்டார்கள்.

உரிம மறுப்பும் எதிர்ப்பும்

1941ஆம் ஆண்டில், ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று நாயுடு அறிவித்தார். 1952ஆம் ஆண்டில் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். அதன் விலை 2000 ரூபாய் மட்டுமே. ஆனால் அதனைப் பெருமளவில் தயாரிக்க அரசு உரிமம் வழங்கவில்லை, உற்பத்தி நின்றுபோனது.

அக்காலத்தில் எந்தத் தொழிற்சாலை எதனைச் செய்யலாம் என்பதை 1951ஆம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் நடுவண் அரசே தீர்மானித்தது. அந்நியச் செலாவணியையும் மூலப்பொருளையும் சிதறவிடாமல் சில நிறுவனங்களிடம் குவிப்பது கொள்கை. அதன் விளைவாக அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்தியர்கள் இரண்டு மூன்று வகைக் கார்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மலிவான சிறு கார் என்ற எண்ணம் 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவரும் வரை நடைமுறைக்கு வரவில்லை. கோயம்புத்தூர்க் கார் சந்தையில் வென்றிருக்குமா என்பது வேறு கேள்வி. அதனைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே அளிக்கப்படவில்லை.

வரிச்சுமையும் உரிம மறுப்பும் நாயுடுவைக் கசப்படையச் செய்தன. 1950களில் தாம் செய்த கருவிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்து எதிர்ப்பைத் தெரிவித்தார். பழுதான எதையும் குப்பையில் எறியாமல் கழற்றிப் பார்த்துச் சீராக்கியே வாழ்ந்த ஒருவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களை உடைத்தது அவரை அறிந்தோரை அதிர வைத்தது.

இறுதிக் காலமும் நினைவிடங்களும்

நாயுடு 1974ஆம் ஆண்டு சனவரி 4 அன்று காலமானார். அவருடைய மகன் ஜி. டி. கோபால் நிறுவனங்களின் பொறுப்பை ஏற்றார்.

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் நாயுடு உருவாக்கியவையும் திரட்டியவையுமான கருவிகள் கொண்ட கண்காட்சி உள்ளது. அதே சாலையில் 2015ஆம் ஆண்டில் ஜிடி கார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பிய காலத்துக் கார்கள் முதல் பல தலைமுறை வண்டிகளை அங்குக் காணலாம். மாணவர்கள் கண்ணாடி போன்ற மேற்பூச்சோடு நிறுத்திவிடாமல் இயந்திர மூடி திறந்துள்ள வண்டிகளின் உள்ளேயும் பார்ப்பது நலம். 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள மேம்பாலத்துக்குத் தமிழக அரசு ஜி. டி. நாயுடுவின் பெயரைச் சூட்டியது.